மாயவரம்–அறந்தாங்கி தடத்தை லண்டன் கம்பெனி கட்டவில்லை: ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மயிலாடுதுறையில் தொடங்கி திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குப் போகிற தடத்தையும் அதன் நிலையங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் ரயில்வே அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர் நிலையத்தைப் புதுப்பித்தபோது நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு வரலாற்றுப் பலகை வைத்தார்கள். நீராவி எஞ்சின் படம் ஒன்று, கீழே மூன்று மொழிகளில் நாலைந்து வரிகள். ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி இந்தத் தடத்தை அமைத்தது என்று அதில் இருக்கிறது. இது தவறு. சின்னத் தவறும் இல்லை. இந்தத் தடத்துக்குப் பணம் கொடுத்தவர்களை அப்படியே அழித்துவிட்டு, கூலிக்கு ரயில் ஓட்டிக் கொடுத்த கம்பெனியைச் சொந்தக்காரன் இடத்தில் உட்காரவைக்கிற தவறு. அதனால்தான் இந்த மடல்.

நிலையத்தில் சொன்னேன். மேலே எழுதச் சொன்னார்கள். மேலே எழுதினேன். பலகையில் உள்ள வாசகம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது, மாற்ற முடியாது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. வாசகம் சரியா தப்பா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஒப்புதல் கொடுத்தவர் யார், எந்த ஆவணத்தைப் பார்த்துக் கொடுத்தார் என்று திரும்பக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. அப்புறம் இதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சரி, நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

1894-ல் மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, முத்துப்பேட்டைக்கு ரயில் வந்தது. 1902-ல் அது பட்டுக்கோட்டைக்கு நீண்டது, அடுத்த வருடம் அறந்தாங்கிக்கு. இந்த நீளம் முழுவதும் தஞ்சாவூர் ஜில்லா போர்டின், அதாவது அந்த ஜில்லாவின் உள்ளூர் நிர்வாகத்தைப் பார்த்த சபையின், தடம். அதற்காகப் போர்டு தனியாக ஒரு வரி போட்டு வசூலித்தது. நிலத்தின் பேரில் ரூபாய்க்கு 3 பை. அந்தக் காலத்து ரூபாய்க்கு 192 பை, ஆக 3 பை என்றால் காலணா. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் காவிரிப் பாசனத்தில் நஞ்சை வைத்திருந்த ஒவ்வொரு பட்டாதாரும் கிஸ்தியோடு சேர்த்துக் கட்டினால் அது எவ்வளவு பெரிய தொகையாகச் சேரும் என்பதை அந்த ஜில்லாவின் பரப்பைத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கீழ்த்தஞ்சையின் நெல்லும் கடலோரத்து உப்பும் மீனும் சந்தைக்குப் போக வழி வேண்டும் என்று ஒரு ஜில்லா தன் பணத்தைப் போட்டுத் தண்டவாளம் போட்டுக்கொண்டது. ஓட்டுவதற்கு மட்டும், ஏற்கெனவே எஞ்சினும் வண்டியும் ஆட்களும் வைத்திருந்த தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடம் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது.

குத்தகைக்கு எடுத்து உழுதவரை நிலத்துச் சொந்தக்காரர் என்று பட்டாவில் எழுதினால் எங்கள் பக்கத்தில் எந்தத் தாசில்தாரும் கையெழுத்துப் போட மாட்டார். நீங்கள் பலகையில் எழுதியிருப்பது அதைத்தான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1894-ல் அந்தக் கம்பெனி தன் மெயின் லைனுக்கே சொந்தக்காரன் கிடையாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பலகைகள் எல்லாவற்றிலும் "தென்னிந்திய ரயில்வே கம்பெனி" என்பது ஏதோ 90 வருடம் மாறாமல் நின்ற ஒரே ஆள் மாதிரி வருகிறது.

முதலில் இருந்தது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி. லண்டனில் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல், திருச்சிக்கு 1862-ல் ரயில் விட்டது அந்தக் கம்பெனிதான். அதன் பங்குதாரர்களுக்கு வருடத்துக்கு 5 சதவீத வட்டியை அரசாங்கம் உத்தரவாதமாகக் கொடுத்திருந்தது. ரயில் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் 5 சதவீதம் வந்துவிடும். குறைகிற தொகையை இந்திய கஜானாவிலிருந்து, அதாவது இங்கே வசூலான வரியிலிருந்து, எடுத்துக் கொடுப்பார்கள். நிலமும் இலவசம். இங்கிலாந்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைவிடப் பத்திரமான முதலீடு இருந்திருக்காது. தாதாபாய் நவ்ரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் இந்த வட்டிக் கணக்கைப் பற்றி எவ்வளவு எழுதினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இன்னொரு பக்கம் இந்தியன் டிராம்வே கம்பெனி என்று ஒன்று 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சின்னத் தடம் ஒன்றைப் போட்டது. அது தாக்குப்பிடிக்கவில்லை. கர்நாடிக் ரயில்வே என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1874-ல் இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தென்னிந்திய ரயில்வே. நாகையிலிருந்து திருச்சி வரை போட்டிருந்த அகலப்பாதையை 1870-களிலேயே பிடுங்கி, ஒரு மீட்டர் அகலமே உள்ள மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு வருடம் தாண்டி நாம் மறுபடி அதை அகலமாக்கினோம், இரண்டு தடவையும் செலவு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தப்படி அரசாங்கத்துக்குக் கம்பெனியை வாங்கிக்கொள்ளும் உரிமை இருந்தது. 1890-ன் கடைசியில் வாங்கிக்கொண்டது. 1891 ஜனவரியிலிருந்து தடம் அரசாங்கத்துடையது. அதே பெயரில் லண்டனில் புதிதாகப் பதிவான ஒரு கம்பெனி அதை ஒப்பந்தத்தின் பேரில் நிர்வகித்தது. அந்த ஏற்பாடு 1944 ஏப்ரல் 1 வரை நீடித்தது. அன்றைக்குத்தான் நிர்வாகமும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-ல் மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயும் மைசூர் ஸ்டேட் ரயில்வேயும் இதோடு சேர்ந்து தெற்கு ரயில்வே உண்டானது.

ஆக மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் கிளம்பிய நாளில் கம்பெனி மற்றவர்களின் தடத்தில் ரயில் ஓட்டுகிற நிர்வாகி. மெயின் லைன் அரசாங்கத்துடையது, இந்தக் கிளை ஜில்லா போர்டுடையது. அப்போதைய ரயில்வே அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், தடம் யாருக்குச் சொந்தம், ஓட்டுவது யார் என்று தனித்தனியாகப் பிரித்தே எழுதியிருப்பார்கள். ஆங்கிலேய அதிகாரி ஒழுங்காகப் பிரித்து எழுதி வைத்ததை நாம் சுதந்திரம் வாங்கி இத்தனை காலம் கழித்துக் குழப்பி, கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இது எங்கள் தடத்தின் கதை மட்டுமில்லை. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-ல் போட்ட தடம் பிரெஞ்சு நிர்வாகத்தின் சொத்து. பல வருடம் மூடிக்கிடந்து இப்போதுதான் மறுபடி தண்டவாளம் பார்த்திருக்கிற அதே தடம். ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-ல் வந்தது கொச்சி சமஸ்தானம் தன் பணத்தில் போட்டது. பெஜவாடாவிலிருந்து (இன்றைய விஜயவாடா) மசூலிப்பட்டினத்துக்கு 1908-ல் கிருஷ்ணா ஜில்லா போர்டு போட்டது. திருநெல்வேலி–திருச்செந்தூர் தடத்துக்கும் பின்னால் ஒரு ஜில்லா போர்டு உண்டு, அது 1923. தென்னிந்தியாவின் பழைய ரயில் வரைபடத்தை யார் சொத்து என்று நிறம் பிரித்து வரைந்தால் அத்தனை நிறம் வரும். உங்கள் பலகைகளில் ஒரே நிறம்.

கொச்சி பாதையைப் பற்றி அந்தப் பக்கத்து மக்களிடம் கேளுங்கள், மகாராஜா கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்று ரயில் கொண்டுவந்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கே ஒரு ராஜா இருந்தார், அதனால் கதை நின்றது. எங்களுக்கு ராஜா இல்லை. காலணா கட்டிய ஆயிரக்கணக்கான பட்டாதாரும் அவர்கள் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்களும்தான் இருந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த ஜில்லா போர்டும் இன்றைக்கு இல்லை, 1958-ம் வருடப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகளே கலைந்துபோயின. பழைய தஞ்சாவூர் ஜில்லாவும் துண்டாகிவிட்டது. மாயவரம் முதல் அறந்தாங்கி வரை போர்டு போட்ட இந்த ஒரு தடம் இன்று மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களுக்குள் புகுந்து போகிறது. உரிமை கேட்டு வர வாரிசு இல்லாத சொத்து ஆகிவிட்டது. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இப்படி ஒரு பலகை வைக்க முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜில்லா போர்டைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் நான் வரவில்லை. அந்தப் போர்டில் உட்கார்ந்தவர்கள் பெரிய மிராசுதார்களும் வக்கீல்களும் ஆங்கிலேய அதிகாரிகளும். எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை இல்லை அது. வரியைக் கட்டியது பட்டாதார் என்றாலும் அந்தப் பணம் விளைந்தது பண்ணையாட்களின் உழைப்பில். அவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த ரயிலில் டிக்கெட் எடுத்து ஏறுகிற காசு கையில் இருந்திருக்காது. மண் அடித்துக் கரை போட்டவர்களும் அவர்களே. இந்த உண்மையும் எழுதப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஆனால் "கம்பெனி கட்டியது" என்று எழுதிய பலகையில் மிராசுதாரும் இல்லை, பண்ணையாளும் இல்லை. லண்டனில் கூடிய டைரக்டர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

என் தாத்தா படித்தவர் இல்லை. மீட்டர் கேஜ் வண்டியில் என்னைத் திருவாரூருக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் "நம்ம வரிப்பணத்துல போட்ட ரயிலுடா இது, காலை சீட்டு மேல வைக்காதே" என்பார். சின்ன வயதில் எல்லா ரயிலும் வரிப்பணம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது அந்தப் பொது அர்த்தத்தில் இல்லை என்பது, பிற்பாடு பழைய கெசட்டியரையும் அறிக்கைகளையும் படித்தபோதுதான் புரிந்தது. அவருடைய அப்பா கட்டிய வரி அது. வீட்டுக்குள் பேச்சாகவே வந்து சேர்ந்த செய்தி. எங்கள் பக்கத்தில் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசினால் இன்னும் சில பேர் இதைச் சொல்வார்கள். அந்தப் பேச்சும் இன்னும் கொஞ்ச நாளில் நின்றுவிடும். அதன் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உங்கள் பலகை மட்டும்தான் சாட்சி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆசிரியர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, வெள்ளைக்காரன் வந்திருக்காவிட்டால் நமக்கு ரயிலே கிடைத்திருக்காது என்று விளக்கிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அரசாங்கப் பலகையில் எழுதியிருப்பதை நம்பித்தான் அவர் சொன்னார். இந்தத் தடத்தைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதற்கு நேர்மாறான கதை. தங்கள் ஊருக்கு ரயில் வேண்டும் என்று ஒரு ஜில்லா வரி போட்டுச் சேர்த்த கதை. அதைத் தெரிந்துகொண்டு வளரும் பிள்ளை, நாளைக்கு இந்த நிலையத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தால் இது யாரோ கொடுத்த தானம் என்று ஒதுங்கிப் போகாது.

இதில் பணமும் இருக்கிறது என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இந்தத் தடத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "வருமானம் இல்லாத கிளை" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. மீட்டர் கேஜை நிறுத்தியபின் அகலப்பாதைக்கு நாங்கள் காத்திருந்தது வருடக்கணக்கில். காரைக்குடி–பட்டுக்கோட்டை 2018-ல் வந்தது. பட்டுக்கோட்டை–திருவாரூர் 2019 ஜூனில்தான் திறந்தது. திறந்த பிறகும் கேட்டுகளுக்கு ஆள் போடாமல், ரயிலிலேயே கேட் கீப்பர்களை ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு கேட்டிலும் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கிக் கேட்டைச் சாத்தி, வண்டி தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டிருந்தார். 150 கிலோமீட்டர் சுமாருக்கு ஒரு பகல் போய்விட்டது. பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்திதான் இது. வேறு எந்தத் தடத்துக்கும் பொறுக்க மாட்டார்கள், எங்களுக்குப் போதும் என்று விட்டார்கள். இந்தத் தடம் எங்கிருந்தோ வந்த கொடை என்று நினைத்தால்தான் அப்படி விட முடியும். ஊர் மக்கள் முதல் போட்ட சொத்து என்பது அலுவலகத்துக் கோப்பிலும் நிலையத்துச் சுவரிலும் எழுதியிருந்தால், அந்தச் சொத்தைப் பற்றி முடிவெடுக்கிறவர் ஒரு நிமிஷம் யோசிப்பார் என்று நான் நம்புகிறேன். ரயில் நேரம், புதிய வண்டிகள், நிறுத்தங்கள் இவற்றைப் பற்றிப் பயணிகள் சங்கங்கள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. அவர்கள் வேலையை நான் இங்கே செய்யவில்லை.

நிலத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. ரயில்வே நிலங்களைக் கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிற காலம் இது. இந்தத் தடத்தின் ஓரத்திலும் நிலையங்களைச் சுற்றியும் இருக்கிற நிலம் யாருடைய பணத்தில், யாரிடமிருந்து எடுக்கப்பட்டது? ஜில்லா போர்டின் உரிமை எந்தத் தேதியில், என்ன விலைக்கு, எந்த உத்தரவின் பேரில் கைமாறியது? அந்த விலை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? இவற்றுக்கான காகிதங்கள் உங்கள் அலுவலகங்களில் இருந்தாக வேண்டும். சொத்து கைமாறினால் காகிதம் இல்லாமல் மாறாது.

ஆகவே கேட்கிறேன்.

எங்கள் நிலையத்திலும் இந்தத் தடத்தின் மற்ற நிலையங்களிலும் இப்படி எழுதிய பலகை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை இறக்குங்கள். புதிய பலகையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் நானே எழுதித் தருகிறேன்: "மாயவரம்–முத்துப்பேட்டை தடம் 1894-ல் திறக்கப்பட்டது. 1902-ல் பட்டுக்கோட்டைக்கும் 1903-ல் அறந்தாங்கிக்கும் நீட்டப்பட்டது. இது தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தமான தடம். இதற்காக ஜில்லா மக்கள் நிலத்தின் பேரில் தனி வரி கட்டினார்கள். ஒப்பந்தத்தின் பேரில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி இதில் ரயில் ஓட்டியது." இவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கிற பலகையின் அளவுக்குள்ளேயே அடங்கும். இதில் ஒரு வரி தவறு என்றால் ஆவணத்தைக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ஜில்லா போர்டுக்கும் கம்பெனிக்கும் நடந்த ஒப்பந்தங்கள், நில எடுப்பு வரைபடங்கள், வருடாந்தரக் கணக்குகள், உரிமை கைமாறிய உத்தரவு ஆகியவற்றை ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வையுங்கள். ஒரு பிரதியைத் தடம் போகிற நாலு மாவட்டங்களின் மைய நூலகங்களுக்கும் கொடுங்கள். காகிதம் செல்லரித்துப் போய்விட்டது என்றால் எந்தக் கோப்பு, எந்த வருடம் அழிந்தது என்று பட்டியல் கொடுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாநில அரசின் பக்கத்துக் கோப்புகளைத் தேட நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், தேடுகிற வேலையைச் செய்ய எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள்.

அந்த ஆவணங்கள் வெளியாகும் வரை இந்தத் தடத்தை ஒட்டிய நிலம் எதையும் புதிதாகக் குத்தகைக்கு விட வேண்டாம். விட்டே ஆக வேண்டிய கட்டாயம் என்றால் அந்த ஊரின் ஊராட்சியையோ நகராட்சியையோ முதலில் எழுத்துமூலம் கேளுங்கள்.

கடைசியாக, நிலையங்களில் வரலாற்று வாசகம் வைப்பதற்கு முன்னால் அதை அந்த ஊரில் ஒரு மாதம் மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கும் நடைமுறையைக் கொண்டுவாருங்கள். திருச்செந்தூர்க்காரர்களுக்கும் காரைக்கால்காரர்களுக்கும் தங்கள் தடத்தைப் பற்றிச் சொல்ல இருக்கும்.

எந்தத் தேதிக்குள் பலகை மாறும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் அதற்கான காரணத்தையும், முடிவெடுத்த அதிகாரியின் பதவியையும், அவர் பார்த்த ஆவணத்தின் எண்ணையும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தடத்துக்கு வரி கட்டிய ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன்